கொம்பனிக் காசும் எங்கள் வாக்கும்: கிளிநொச்சியில் ஒரு கேள்வி பதில்

எங்கள் சனசமூக நிலையத்தில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் தனக்குத் தெரிந்த விசயத்தைப் பேசுவார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். போன மாதம் நெல்லில் விழும் அறக்கொட்டி பற்றி. இந்த மாதம் என் முறை. நான் வணிகப் பாடம் படிப்பித்து ஓய்வு பெற்றவன், கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குப் புத்தகங்களையும் நிறையப் புரட்டியவன். பெரிய கொம்பனிகளின் பணம் ஜனநாயக ஆட்சிக்குள் எப்படிப் புகுகிறது என்பதை எடுத்துக்கொண்டேன். கேள்விகளைத் துண்டில் எழுதித் தரச் சொன்னேன், தூரத்தில் இருப்பவர்கள் வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அன்று வாயால் சொன்னதையும் சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

மாஸ்டர், வாக்குப் போடுவது நாங்கள். பிறகு கொம்பனிக்காரன் எப்படி ஆளுகிறான்? காசுக்கு வாக்கு வாங்குகிறான் என்று சொல்லப் போகிறீர்களா? (பரந்தன், கமக்காரர்)

இல்லை ஐயா. சாராயப் போத்தலும் ஐயாயிரம் ரூபாத் தாளும் சில்லறை வியாபாரம். பெரிய பணம் வாக்குச்சாவடிப் பக்கமே வராது. அது தேர்தலுக்கு முன்னால் வேட்பாளரிடம் போகும், தேர்தலுக்குப் பின்னால் வர்த்தமானியில், அதாவது அரசாங்க அறிவித்தல் தாளில், வெளிவரும்.

ஒரு உதாரணம் போதும். 2020 ஒக்டோபர் 13. சீனி இறக்குமதிக்குக் கிலோவுக்கு 50 ரூபாவாக இருந்த விசேட பண்ட வரி 25 சதமாகக் குறைக்கப்பட்டது. 25 ரூபா என்று வாசித்துவிடாதீர்கள், 25 சதம். சனத்துக்குச் சீனி மலிவாகும் என்றார்கள். சங்கக்கடையில் அந்த மாதம் நீங்கள் கொடுத்த விலையை நினைத்துப் பாருங்கள், குறைந்ததா? வரி குறைந்த அளவுக்குக் கடையில் விலை குறையவே இல்லை. இடையில் நின்ற தொகை இறக்குமதியாளர்களின் கையில் தங்கியது. அரசாங்கம் இழந்த வருமானம் 1,500 கோடி ரூபாவுக்கு மேல் என்று பின்னர் பாராளுமன்றக் குழுவிலேயே பேசப்பட்டது. இதற்காக யாரும் ஒரு வாக்கைக்கூட விலைக்கு வாங்கத் தேவையில்லை. ஒரு தாள், ஒரு கையெழுத்து.

அந்த 1,500 கோடியை இலங்கையில் உள்ள இரண்டு கோடிச் சனத்துக்குப் பிரித்தால் ஆளுக்கு 700 ரூபாவுக்கு மேல் வரும். 700 ரூபாவுக்காக ஒருவரும் கொழும்புக்கு பஸ் ஏறிப் போய்ச் சண்டை பிடிக்க மாட்டார். ஆனால் அது முழுவதும் ஒரு சில பேரின் கைக்குப் போகும்போது, அவர்கள் அதற்காக இராப்பகலாக ஓடுவார்கள். எங்கள் பக்கம் நட்டம் சிதறிக் கிடக்கிறது, அவர்கள் பக்கம் இலாபம் குவிந்து கிடக்கிறது. இந்தத் தலைப்பில் நான் சொல்ல வந்ததில் பாதி இதுதான்.

தேர்தலில் ஒருவர் எவ்வளவு செலவழிக்கலாம் என்று சட்டம் இல்லையா சேர்? (விசுவமடு, உயர்தர வகுப்பு மாணவி)

இருக்கிறது பிள்ளை, ஆனால் வயது குறைவு. தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டம் 2023 இல்தான் வந்தது, 3ஆம் இலக்கம். 2024 ஜனாதிபதித் தேர்தலுக்கு வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா என்று தேர்தல் ஆணைக்குழு வரம்பு வைத்தது. பதிவான வாக்காளர் 1 கோடி 71 இலட்சத்துக்கு மேல். பெருக்கிப் பார்த்தால் ஒரு வேட்பாளருக்குக் கிட்டத்தட்ட 187 கோடி ரூபா வரும்.

முடிவு வெளியாகி 21 நாளுக்குள் கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டு அரசு, வெளிநாட்டுக் கொம்பனி, பெயர் சொல்லாத ஆள் ஆகியோரிடம் வாங்கக் கூடாது. உள்ளூர்க் கொம்பனியிடம் வாங்கலாம். அதுதான் ஓட்டை. சரி, இன்னொரு ஓட்டையும் இருக்கிறது: தேர்தல் காலத்துக்கு வெளியே நடக்கும் செலவு இந்தக் கணக்குக்குள் வராது. இரண்டு வருடம் முன்கூட்டியே கோயில் திருவிழாவுக்கு லைட் போட்டு, விளையாட்டுக் கழகத்துக்கு ஜேர்சி கொடுத்து வருகிறவர் எந்தப் படிவத்திலும் அகப்பட மாட்டார்.

பாடத்தில் கேட்டால் சட்டத்தின் பெயரையும் வருடத்தையும் எழுது. ஓட்டைக்குப் புள்ளி கொடுக்க மாட்டார்கள்.

லஞ்சம் என்றால் காசுதானே? பெட்டியில் வைத்துக் கொடுப்பதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். (கிளிநொச்சி நகரம், பெயர் எழுதவில்லை)

பெட்டி படத்துக்கு. நிஜத்தில் வாடகை, வேலை, அனுமதிப்பத்திரம்.

மத்திய வங்கி பிணைமுறி (அரசாங்கம் கடன் வாங்க விற்கும் பத்திரம்) விவகாரத்தை விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழுவில் 2017 இல் ஒரு சாட்சியம் வந்தது. முன்பு நிதி அமைச்சராகவும் அப்போது வெளிவிவகார அமைச்சராகவும் இருந்த ரவி கருணாநாயக்கவின் குடும்பம் குடியிருந்த ஆடம்பர மாடி வீட்டின் வாடகையை, விசாரணையின் நடுவில் இருந்த வர்த்தகர் ஒருவரின் கொம்பனி செலுத்தியிருந்தது. தனக்கு அது தெரியாது என்றார் அமைச்சர். அந்த ஓகஸ்டில் பதவி விலகினார். பெட்டி எங்கேயும் வரவில்லை பாருங்கள், வீட்டு வாடகைதான்.

எங்கள் மாவட்டத்தில் ஏன் இவ்வளவு சாராயக் கடை திறந்தார்கள்? அதுவும் இதில் சேருமா? (தர்மபுரம், மாதர் சங்கம்)

சேரும் அக்கா. 2024 இல் கொடுக்கப்பட்ட மதுபான அனுமதிகளின் பட்டியலை அந்த டிசம்பரில் பாராளுமன்றத்தில் வாசித்தார்கள். நாடு முழுவதும் 360க்கு மேல். கிளிநொச்சி மாவட்டத்துக்கு மட்டும் 16. எங்கள் சனத்தொகைக்கு அது எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, சங்கக் கூட்டத்துக்கு வரும் பெண்களின் முகமே சொல்லும்.

பார் பெர்மிட் அரசியலில் ஒரு நாணயம். அச்சடிக்கக் கடதாசிச் செலவுதான், சந்தையில் கோடிக் கணக்கில் போகும். கொடுப்பவர் தன் பையில் இருந்து ஒரு சதம் கொடுக்கவில்லை, வாங்கியவர் வாழ்நாள் முழுக்க நன்றியோடு இருப்பார். மண் அனுமதி, கிறவல் அனுமதி, பஸ் வழித்தட அனுமதி எல்லாம் இதே சாதி.

பூநகரியில் காற்றாலை வருகிறது என்றார்கள், பிறகு இல்லை என்றார்கள். என்ன நடந்தது? காற்றாலை நல்லதா கெட்டதா? (முழங்காவில், கடற்றொழிலாளர்)

முதலில் இரண்டாவது கேள்வி. காற்றில் மின்சாரம் எடுப்பது நல்லது. டீசலை எரித்து எடுப்பதைவிட ஆயிரம் மடங்கு நல்லது. யாருக்கு, எந்த விலைக்கு, எந்த இடத்தில், யார் முடிவெடுத்தது என்பதில்தான் சண்டை. அதனால் காற்றாலையைத் திட்டாமல் கடதாசியைப் பார்ப்போம்.

இந்தியாவின் அதானி குழுமம் மன்னாரில் 250 மெகாவாட்டும் பூநகரியில் 234 மெகாவாட்டும், மொத்தம் 484 மெகாவாட், கட்டுவதாக இருந்தது. முதலீடு 44 கோடி டொலருக்குச் சற்று மேல். பகிரங்க டெண்டர் இல்லாமல் வந்த திட்டம். 2022 ஜூன் 9 இல் மின்சாரச் சட்டத்தைத் திருத்தினார்கள், போட்டி டெண்டர் கட்டாயம் என்ற பகுதி அதில் தளர்ந்தது. அந்த நாட்களில் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்? பெற்றோல் வரிசையில் நின்றோம். நாடு பற்றியெரியும்போது யாரும் சட்டப் பிரிவு வாசிப்பதில்லை, எழுதுகிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

அடுத்த நாளே மின்சார சபையின் அப்போதைய தலைவர் அரச நிறுவனங்களின் கணக்கை விசாரிக்கும் பாராளுமன்றத்தின் கோப் குழுவின் முன் வந்து, இத்திட்டத்தை அதானிக்குக் கொடுக்கும்படி இந்தியப் பிரதமர் வற்புறுத்துவதாக ஜனாதிபதி தன்னிடம் சொன்னார் என்றார். ஜனாதிபதி மறுத்தார். தலைவர் தான் உணர்ச்சிவசப்பட்டுப் பேசிவிட்டேன் என்று வார்த்தையைத் திரும்பப் பெற்றார், சில நாளில் பதவியையும் விட்டார். எது உண்மை என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. டெண்டர் இருந்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடம் இருந்திருக்காது என்பதை மட்டும் சொல்கிறேன். மூன்று கொம்பனி மூன்று விலை எழுதியிருந்தால், யார் யாரிடம் என்ன சொன்னார் என்று கோப் குழு தோண்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

2024 மே மாதம் அமைச்சரவை ஒரு யூனிட்டுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்று 20 வருடத்துக்கு ஒப்புக்கொண்டது. மன்னார் வலசைப் பறவைகளின் பாதை என்றும் விலை அதிகம் என்றும் சூழல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் போயின. ஆட்சி மாறியது, புதிய அரசு விலையைத் திருப்பிப் பேச வேண்டும் என்றது, 2025 பெப்ரவரியில் கொம்பனி தானே விலகிக்கொண்டது.

அதோடு முடியவில்லை. 2025 ஓகஸ்டில் மன்னாரில் சனம் தெருவில் இறங்கியது வேறு காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக. ஜனாதிபதி வேலையை ஒரு மாதம் நிறுத்தி வைக்கச் சொன்னார். அந்தப் போராட்டத்தில் நான் கவனித்த ஒரு விசயம்: வந்தவர்களில் பலருக்கு மின்சாரத்தின் விலை பற்றிக் கவலை இல்லை. மழைத் தண்ணீர் கடலுக்கு ஓடாமல் ஊருக்குள் நிற்கிறது, வலையில் மீன் குறைகிறது, எங்களிடம் யாரும் கேட்கவில்லை. இந்த மூன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மூன்றாவதுதான் ஜனநாயகக் கேள்வி. முதல் இரண்டுக்கும் எஞ்சினியர் பதில் சொல்லலாம்.

மாஸ்டர், நான் முள்ளியவளைப் பிள்ளை, இப்போது கனடாவில். இங்கே கொம்பனி கட்சிக்குக் காசு கொடுக்க முடியாதாம். உண்மையா? அப்படியானால் இங்கே பிரச்சினை இல்லையா? (ஸ்காபரோ, குரல் பதிவு)

உண்மைதான் தம்பி. கனடாவின் மத்தியத் தேர்தல்களில் 2007 இலிருந்து கொம்பனியும் தொழிற்சங்கமும் கட்சிக்குக் கொடுக்க முடியாது. குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ உள்ள தனி ஆள்தான் கொடுக்கலாம், அதற்கும் வரம்பு உண்டு. 2025 இல் ஒரு கட்சிக்கு 1,750 டொலர். பிரான்சு இன்னும் முந்தி, 1995 இலேயே கொம்பனி நன்கொடையைத் தடுத்துவிட்டது.

உங்கள் பக்கத்து வீடு நேர்மாறு. அமெரிக்காவில் 1907 இலிருந்து கொம்பனி வேட்பாளரிடம் நேரே கொடுக்க முடியாது. ஆனால் 2010 ஜனவரியில் அவர்களின் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று ஒரு தீர்ப்புச் சொன்னது: வேட்பாளரோடு கலந்து பேசாமல் தனியாகச் செலவழித்தால் வரம்பே கிடையாது, அது பேச்சுச் சுதந்திரம். கணவன் வாங்கக் கூடாது, மனைவி வாங்கலாம், இருவரும் ஒரே வீட்டில் இருந்தாலும் பேசிக்கொள்ளவில்லை என்று நம்ப வேண்டும். 2024 இல் ஈலோன் மஸ்க் ஒருவரே 25 கோடி டொலருக்கு மேல் செலவழித்தார்.

கனடாவில் பிரச்சினை இல்லையா என்றால், நன்கொடை வாசலை அடைத்தால் பணம் வேறு வாசல் தேடும். அமைச்சரைச் சந்தித்துப் பேச ஆள் வைப்பது, ஓய்வு பெற்ற அதிகாரிக்குக் கொம்பனியில் கதிரை போடுவது. ஆனாலும் ஒரு வாசலையாவது அடைத்த நாட்டுக்கும் எல்லா வாசலும் திறந்த நாட்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. “எல்லாரும் கள்ளர்” என்று சொல்லி விட்டுவிடுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது.

இந்தியாவில் தேர்தல் பத்திரம் என்று ஒன்று வந்ததே? (வவுனியா, தனியார் வகுப்பு ஆசிரியர்)

2018 இல் தொடங்கியது. கொம்பனி ஸ்டேட் பாங்கில் பத்திரம் வாங்கும், கட்சியிடம் கொடுக்கும், கட்சி காசாக்கும். யார் யாருக்குக் கொடுத்தார் என்பது சனத்துக்குத் தெரியாது, ஆனால் அரசு வங்கிக்குத் தெரியும். இதை எப்படி வெளிப்படைத்தன்மை என்று பெயர் வைத்து விற்றார்கள் என்பது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். இலாபத்தில் 7.5 வீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று கொம்பனிகளுக்கு இருந்த வரம்பையும் 2017 இலேயே எடுத்துவிட்டிருந்தார்கள்.

2024 பெப்ரவரி 15 இல் உச்ச நீதிமன்றம் இது அரசியலமைப்புக்கு முரண் என்றது. பட்டியல் வெளியே வந்தபோது அதிகம் வாங்கியது டாட்டாவும் இல்லை, அம்பானியும் இல்லை. கோயம்புத்தூரோடு தொடர்புடைய ஒரு லொத்தர் கொம்பனி, 1,368 கோடி இந்திய ரூபாவுக்கு. அதில் 500 கோடிக்கு மேல் போனது திமுகவுக்கு. பத்திரங்களில் மிகப் பெரும் பங்கு, 6,000 கோடிக்கு மேல், பாஜகவுக்கு. நாங்கள் இங்கிருந்து யாருக்குக் கைதட்டுகிறோம் என்பதைக் கொஞ்சம் யோசித்துக் கைதட்ட வேண்டும் போலிருக்கிறது.

இதெல்லாம் இந்தக் காலத்துக் கூத்து. வெள்ளைக்காரன் காலத்தில் இப்படி இருந்ததா? (இரணைமடு, எழுபது தாண்டிய ஒரு ஐயா)

ஐயா, நான் அன்று இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அவன்தான் குரு.

1700களின் நடுவில் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி, கிழக்கிந்தியக் கொம்பனியின் உத்தியோகத்தர்களிடம் பெரும் வட்டிக்குக் கடன் வாங்கினார். கொம்பனியிடம் இல்லை, கொம்பனியில் சம்பளம் வாங்குகிறவர்களிடம். ஈடாகக் கொடுத்தது ஊர்களின் நில வரியை. தமிழ் நாட்டுக் கமக்காரன் அறுத்த நெல் சென்னையில் இருந்த கிளார்க்கின் வட்டியாகப் போனது. அவர்களில் ஒருவர் போல் பென்ஃபீல்ட். 1764 இல் சாதாரண உத்தியோகத்தில் வந்தவர். 1776 இல் சென்னை ஆளுநர் பிகட் பிரபு, நவாப் பிடித்து வைத்திருந்த தஞ்சாவூரை அதன் அரசருக்குத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, “அந்த விளைச்சல் நவாப் எனக்கு எழுதித் தந்தது” என்று நின்றார் பென்ஃபீல்ட். கடைசியில் ஆளுநரின் சபையில் இருந்த பெரும்பான்மையே ஆளுநரைக் கைது செய்தது. அடுத்த வருடம் காவலிலேயே அவர் இறந்துபோனார்.

பென்ஃபீல்ட் லண்டன் போனார், 1780 இல் பாராளுமன்ற உறுப்பினரானார். வாக்காளர் விரல்விட்டு எண்ணக்கூடிய தொகுதிகள் அங்கே அப்போது விலைக்குக் கிடைத்தன. நவாப்புக்குக் கடன் கொடுத்தவர்கள் அந்த மன்றத்தில் ஒரு கூட்டமாகவே இருந்தார்கள். கடன்கள் உண்மையா என்று விசாரிக்காமலே கட்ட வேண்டும் என்று அரசு முடிவெடுத்தபோது, 1785 பெப்ரவரியில் எட்மண்ட் பர்க் என்ற உறுப்பினர் எழுந்து மணிக்கணக்கில் பேசினார். பென்ஃபீல்ட் எட்டு உறுப்பினர்களை உருவாக்கினார் என்றே சொன்னார். தோற்றார். தஞ்சாவூர் நெல் லண்டனில் வாக்காக மாறி, அந்த வாக்கு மறுபடி தஞ்சாவூர் நெல்லை வாங்கியது.

ஒரு அரசு சனத்தின் பேச்சைக் கேட்டு அனுமதியை நிறுத்தினால் கொம்பனி வழக்குப் போடுமா? (மாங்குளம், சட்டம் படிக்கும் தம்பி)

வெளிநாட்டுக் கொம்பனியென்றால், இரு நாடுகளுக்கும் இடையில் முதலீட்டு ஒப்பந்தம் இருந்தால், சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போகலாம். இந்த வகை ஒப்பந்தத்தின் கீழ் உலகத்திலேயே முதலில் தீர்க்கப்பட்ட வழக்கு எங்கே தொடங்கியது தெரியுமா? மட்டக்களப்பில், கொக்கட்டிச்சோலைப் பக்கம்.

1987 ஜனவரியில் படை நடவடிக்கையில் ஒரு இறால் பண்ணை அழிந்தது. சனமும் செத்தது, பண்ணையில் வேலை செய்தவர்களும் செத்தார்கள். அதில் பங்கு வைத்திருந்த ஹொங்கொங் கொம்பனி (ஹொங்கொங் அப்போது பிரித்தானியாவின் கையில்), பிரித்தானிய இலங்கை ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போட்டது. 1990 இல் தீர்ப்பு: இலங்கை 4,60,000 டொலரும் வட்டியும் கொடுக்க வேண்டும். கொம்பனி கேட்டதில் தவறில்லை, அதன் சொத்து அழிந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கு அப்படி ஒரு மன்றத்தின் கதவு திறக்கவில்லை. படிக்கும் காலத்தில் அந்தத் தீர்ப்பைத் தேடி ஒருமுறை வாசியுங்கள் தம்பி. இறாலுக்கு எப்படி விலை போடுகிறார்கள் என்று பாருங்கள்.

அப்போ கொம்பனியே வேண்டாமா? எங்கள் பிள்ளைகளுக்கு வேலை வேண்டாமா? (அக்கராயன்)

வேண்டும். என் மருமகளே ஆடைத் தொழிற்சாலையில்தான் வேலை செய்கிறாள்.

சனம் வென்ற கதை ஒன்றாவது இருக்கிறதா? எங்களால் என்ன செய்ய முடியும்? (ஒட்டுசுட்டான், கமக்கார அமைப்புச் செயலாளர்)

இருக்கிறது. அநுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் பொஸ்பேற் அகழ அமெரிக்கக் கொம்பனிகளோடு அரசு 30 வருட ஒப்பந்தம் போடப் போனது. அங்கே வாழ்ந்தவர்கள் சிலர், பெரும்பாலும் கமக்காரர், உயர் நீதிமன்றம் போனார்கள். இயற்கை வளத்தை அரசு சனத்துக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறது, விற்று முடிக்க அது அதன் சொத்து இல்லை என்ற கருத்தில் 2000 இல் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் நின்றுபோனது. சுன்னாகத்தில் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் கலந்த வழக்கிலும் 2019 இல் மின் நிலையக் கொம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கும்படி உயர் நீதிமன்றம் சொன்னது.

வழக்குக்கு முதல் கடதாசி வேண்டும். 2016 இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குத்தான். எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஒரு கொம்பனிக்காரர் வந்து குளக்கட்டுக்குப் பின்னால் கிறவல் வெட்டத் தொடங்கினார். இரவு முழுக்க டிப்பர். கேட்டால் அனுமதி இருக்கிறது என்றார்கள். எந்த அனுமதி என்று அலுவலகத்தில் கேட்டால் கோப்பு மேலிடத்தில் என்றார்கள். கமக்கார அமைப்பின் பெயரில் நாங்கள் மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தோம்: அனுமதிப்பத்திரத்தின் நகல், அனுமதித்த கியூப் எவ்வளவு, எந்தத் திகதி வரை. பதில் வர இழுத்தது, மேன்முறையீடு செய்த பிறகு வந்தது. அனுமதி முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்தத் தாளைப் பொலிசில் காட்டிய அன்று இரவு டிப்பர் வரவில்லை. பிறகு வேறு ஊருக்குப் போனது என்று கேள்வி, அதை வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன்.

பெரிய திட்டமென்றால் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஒரு மாத அளவில் கருத்துக் கேட்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பத்திரிகையின் மூலையில் சின்னதாக அறிவித்தல் வரும். அதைப் பார்க்க உங்கள் அமைப்பில் ஒரு ஆளைப் போடுங்கள், கண் நல்லாத் தெரிகிற ஆளாக.

தகவல் விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலரிடம் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. “திட்டம் பற்றிய எல்லா விபரமும் தரவும்” என்று எழுதாதீர்கள், அப்படிக் கேட்டால் ஒன்றும் வராது. எந்தத் தாள், எந்தத் திகதி என்று கேளுங்கள். ஒட்டுசுட்டான் ஆட்களுக்கு மாதிரி விண்ணப்பம் ஒன்று நிலையத்தில் மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன், வந்து எடுங்கள்.